ஒரே குரல்: ஃபில்மோர் வெஸ்டில் அரீதா

சாம் குக்கிடம் இரண்டு குரல்கள் இருந்தன. 1963 ஜனவரி 12ஆம் தேதி இரவு, மயாமி நகரில் கறுப்பின மக்கள் வாழும் ஓவர்டவுன் பகுதியில், ஹார்லெம் ஸ்குவேர் கிளப் என்ற இடத்தில் அவர் பாடினார். ஆர்.சி.ஏ. நிறுவனம் அதை ஒலிப்பதிவு செய்தது. தொண்டை கரகரக்க, கூட்டத்தைக் கூப்பிட்டு, சீண்டி, பதில் வாங்கிப் பாடிய இரவு அது. பதிவைக் கேட்ட நிறுவனம் வெளியிடாமல் வைத்துவிட்டது. மறு ஆண்டு ஜூலையில் அதே சாம் குக் நியூயார்க்கின் கோபகபானா விடுதியில், இரவு விருந்துக்கு வந்திருந்த வசதியான வெள்ளையர்கள் முன்னால் பாடினார். குரல் மெருகேறியிருந்தது, அளவாகப் பழகியது, யாரையும் சீண்டவில்லை. அந்தத் தட்டு சில மாதங்களில் கடைக்கு வந்தது. மயாமி தட்டு வர 1985 வரை, 22 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் சாம் குக் இறந்து இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன.

அன்றைய அமெரிக்காவில் ஒரு கறுப்பினப் பாடகருக்கு விதிக்கப்பட்டிருந்த நடைமுறை இதுதான். தன் மக்கள் முன் ஒரு குரல், வெள்ளையர் முன் இன்னொரு குரல். இந்த நடைமுறை எப்போது உடைந்தது என்று காதால் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு நான் ஒரே ஒரு தட்டைத்தான் சொல்வேன்: அரீதா ஃபிராங்க்ளினின் ‘லைவ் அட் ஃபில்மோர் வெஸ்ட்’. பதிவானது 1971 மார்ச் 5, 6, 7 தேதிகளில், சான் ஃபிரான்சிஸ்கோவில். அரை நூற்றாண்டு கடந்தும் ராக் கேட்பவர்களும் சோல் கேட்பவர்களும் இதைத் தங்கள் தட்டு என்று சொல்லிக்கொள்கிறார்கள். இருவர் சொல்வதும் சரி.

சோல் இசையைப் புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. கறுப்பினத் தேவாலயங்களின் காஸ்பல் பாட்டு முறையை, கடவுளின் இடத்தில் காதலனையும் காதலியையும் வைத்துப் பாடியதில் பிறந்தது இது. பாடகி ஒரு வரி கொடுப்பார், சபை பதில் கொடுக்கும். அந்தப் பதில்தான் அடுத்த வரி எப்படி வரவேண்டும் என்பதை முடிவு செய்யும். நம் பஜனை மடங்களில் பாகவதர் எடுத்துக் கொடுக்க, கூட்டம் வாங்கிப் பாட, வேகம் படிப்படியாக ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இதில் எதையும் விளக்க வேண்டியதில்லை. அரீதா அந்த முறைக்குள் வளர்ந்தவர். 1942 மார்ச் 25இல் மெம்ஃபிஸில் பிறந்தார். தந்தை சி.எல். ஃபிராங்க்ளின், டெட்ராய்ட் நகரின் நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் போதகர். பிரசங்கங்களே இசைத்தட்டாக விற்ற அளவுக்குப் புகழ் பெற்றவர் அவர். பேச்சிலிருந்து பாட்டுக்கு எங்கே தாண்ட வேண்டும், கூட்டத்தை எவ்வளவு நேரம் காக்க வைக்கலாம் என்பதையெல்லாம் மகள் சிறுமியாக அந்தச் சபையில் உட்கார்ந்தே கற்றுக்கொண்டார்.

ஹிப்பிகளின் கோட்டை

ஃபில்மோர் வெஸ்ட் அப்படிப்பட்ட சபை அல்ல. மார்க்கெட் தெருவும் வான் நெஸ் அவென்யூவும் சந்திக்கும் இடத்தில், பழைய நடனக்கூடம் ஒன்றில், 1968 முதல் பில் கிரஹாம் நடத்திவந்த அரங்கம். கிரஹாம் பெர்லினில் பிறந்த யூதர். சிறுவனாக நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா வந்து சேர்ந்தவர். கிரேட்ஃபுல் டெட், ஜெஃபர்சன் ஏர்பிளேன், சந்தானா என்று அன்றைய ராக் உலகமே அவர் மேடைகளில் ஏறியிறங்கியது. அங்கே கூட்டம் தரையில் உட்காரும், படுக்கும், தோன்றினால் எழுந்து ஆடும். பெரும்பாலும் வெள்ளை இளைஞர்கள். வியட்நாம் போரை எதிர்த்தவர்கள். நீண்ட கிதார் தனியாவர்த்தனங்களுக்குப் பழகிய காதுகள்.

அரங்கத்தின் பெயருக்கு ஒரு பின்கதை உண்டு. கிரஹாமின் முதல் அரங்கம் ஃபில்மோர் தெருவில் இருந்தது. மேற்கின் ஹார்லெம் என்று அழைக்கப்பட்ட கறுப்பினப் பகுதி அது. பில்லி ஹாலிடே முதல் ஜான் கோல்ட்ரேன் வரை வாசித்துப் போன கிளப்கள் அங்கே இருந்தன. நகர மறுசீரமைப்பு என்ற பெயரில் அந்தப் பகுதியின் பெரும் பகுதியை அரசாங்கம் இடித்துத் தள்ளியது. குடும்பங்கள் சிதறின, கிளப்கள் போயின. கிரஹாம் இடம் மாறியபோது பெயரையும் எடுத்துவந்தார். ஆக, கறுப்பினத் தெரு ஒன்றின் பெயர் தாங்கிய ராக் கூடத்துக்குத்தான் அரீதா 1971இல் வந்தார்.

அழைத்துவந்தவர் அட்லாண்டிக் நிறுவனத்தின் தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர். ‘ரிதம் அண்ட் புளூஸ்’ என்ற பெயரை 1949இல் பில்போர்ட் பத்திரிகையில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த அதே மனிதர். அரீதாவின் வழக்கமான தொகை கிரஹாமுக்குக் கட்டுப்படியாகவில்லை. ஒலிப்பதிவு கிடைக்கும் என்ற நம்பிக்கையில் நிறுவனம் மிச்சத்தை ஏற்றுக்கொண்டது. அரீதாவுக்குத் தயக்கம் இருந்தது. ராக் கூட்டம் தன் பாட்டை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்பே ‘ரெஸ்பெக்ட்’ பாட்டால் நாடு முழுவதும் முதலிடம் பிடித்தவர்தான். ஆனாலும் வானொலியில் பாட்டைக் கேட்டு ரசிப்பவர்கள் எதிரே உட்கார்ந்து பதில் கொடுப்பார்கள் என்று நிச்சயம் இல்லையே.

அவருக்கு முன்னோடி ஒருவர் இருந்தார். ‘ரெஸ்பெக்ட்’ பாட்டை எழுதி 1965இல் முதலில் பாடிய ஓடிஸ் ரெடிங், 1966 டிசம்பரில் பழைய ஃபில்மோரில் மூன்று இரவுகள் பாடினார். அடுத்த கோடையில் மாண்டரே விழாவிலும் ராக் கூட்டத்தைக் கட்டிப்போட்டார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே விமான விபத்தில் இறந்துபோனார். அவர் திறந்து வைத்த கதவு சில ஆண்டுகள் பாதி திறந்தபடியே நின்றது.

முதல் பக்கம்: அவர்கள் பாட்டு, என் முறை

தட்டு ‘ரெஸ்பெக்ட்’ பாட்டில்தான் தொடங்குகிறது. 1967 ஸ்டுடியோ பதிவைவிட மிக வேகம். மேடைப் பதற்றம் அந்த வேகத்தில் தெரிகிறது என்றே நான் நினைக்கிறேன். இந்தப் பாட்டுக்கு ஸ்டுடியோ வடிவம்தான் மேல். ஆனால் அடுத்த நான்கு பாடல்களின் தேர்வைப் பாருங்கள். ஸ்டீஃபன் ஸ்டில்ஸின் ‘லவ் தி ஒன் யூ ஆர் வித்’, சைமன் அண்ட் கார்ஃபங்கலின் ‘பிரிட்ஜ் ஓவர் டிரபிள்ட் வாட்டர்’, பீட்டில்ஸின் ‘எலினார் ரிக்பி’, பிரெட் குழுவின் ‘மேக் இட் வித் யூ’. நான்கும் எதிரே உட்கார்ந்திருந்த கூட்டத்தின் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த பாட்டுகள்.

கூட்டத்துக்குப் பிடித்ததைக் கொடுத்து வளைத்துப்போடும் வேலை என்று இதை அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ‘பிரிட்ஜ் ஓவர் டிரபிள்ட் வாட்டர்’ எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஸ்வான் சில்வர்டோன்ஸ் என்ற காஸ்பல் குழுவின் தலைமைப் பாடகர் கிளாட் ஜீட்டர் ஒரு தேவாலயப் பாட்டின் நடுவே போட்ட ஒரு வரியைக் கேட்டுத்தான் பால் சைமனுக்கு அந்தப் பாட்டு பிறந்தது. இதை சைமனே மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அதாவது கறுப்பினத் தேவாலயத்தில் கிளம்பிய ஒன்று, நியூயார்க் பாடலாசிரியர் ஒருவர் கையில் உருமாறி உலகம் சுற்றியது. அரீதா அதை ஆர்கன் முன்னே வர, பின்பாட்டுப் பெண்கள் முதலில் எடுத்துக் கொடுக்க, மெதுவாக, ஆராதனையின் நடையில் பாடுகிறார். பாட்டு தன் சொந்த வீட்டுக்குத் திரும்புகிறது.

ஸ்டில்ஸின் பாட்டுக்கும் இப்படி ஒரு வேர் உண்டு. அதன் தலைப்பு வரி பில்லி பிரஸ்டன் பேச்சுவாக்கில் சொல்லும் சொல். ஸ்டில்ஸ் அவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த பில்லி பிரஸ்டன்தான் அந்த மூன்று இரவுகளும் அரீதாவுக்குப் பின்னால் ஆர்கன் வாசித்தவர். ‘எலினார் ரிக்பி’யைப் பொறுத்தவரை அரீதா செய்தது இன்னும் துணிச்சல். பீட்டில்ஸ் தள்ளி நின்று பார்த்துச் சொன்ன தனிமைக்காரியின் கதையை அவர் தன்மையில், தானே அந்தப் பெண் என்று பாடுகிறார். நான்கு வயலின், இரண்டு வயோலா, இரண்டு செல்லோவோடு சோகம் காத்த பாட்டு இங்கே துள்ளி ஓடுகிறது. சோகம் போய்விட்டதே என்று வருத்தப்படுபவர்கள் உண்டு. தனிமையை வெளியிலிருந்து பார்த்துப் பரிதாபப்படுவதற்கும், உள்ளே இருந்தபடி மிடுக்கோடு பெயரைச் சொல்லிக்கொள்வதற்கும் உள்ள வேறுபாடு அது. ‘மேக் இட் வித் யூ’ மட்டும் இந்த வரிசையில் எடையில்லாத பாட்டு. அதைத் தாண்டிப் போகலாம்.

பின்னால் நின்றவர்கள்

இந்தத் தட்டின் ஆயுளுக்குப் பாதிக் காரணம் பக்கவாத்தியம். குழுத்தலைவர் கிங் கர்டிஸ், டெக்ஸஸ் மாநில ஃபோர்ட் வொர்த்தில் பிறந்த சாக்ஸஃபோன்காரர். 1958இல் கோஸ்டர்ஸ் குழுவின் ‘யாகெட்டி யாக்’ பாட்டில் அவர் வாசித்த சிறு தனியாவர்த்தனத்தைக் கேட்டு வளர்ந்த ராக் இசைக்கலைஞர்கள் ஏராளம். 1965இல் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் பாடியபோது முன்னதாக மேடையேறிய குழுக்களில் அவருடையதும் ஒன்று. 1966இல் அவரிடம் கிதார் வாசித்தவர்களில் ஒருவர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ்.

ஃபில்மோரில் அவருடன் நின்ற கிங்பின்ஸ் குழுவைக் கருவி கருவியாகப் பிரித்துக் கேட்கலாம். டிரம்ஸ் பெர்னார்ட் பர்டி. ஹை-ஹாட் தாளத்தைச் சற்றே திறந்து மூடி, அடிகளுக்கு இடையே மெல்லிய அடிகளை ஒளித்துவைத்து அவர் வாசிக்கும் முறையை இன்றும் உலகெங்கும் டிரம்ஸ் மாணவர்கள் பாடமாகப் பயில்கிறார்கள். பேஸ் கிதார் ஜெர்ரி ஜெமாட். பி.பி. கிங்கின் ‘தி த்ரில் இஸ் கான்’ பாட்டில் கீழே நடந்துகொண்டே இருக்கும் அந்த பேஸ் இவருடையதுதான். பிற்காலத்தில் பேஸ் கிதாரையே புரட்டிப்போட்ட ஜாக்கோ பஸ்டோரியஸ் இவரைத் தன் ஆசான்களில் ஒருவராகச் சொன்னார். கிதார் கார்னல் டுப்ரீ, கர்டிஸின் ஊர்க்காரர். ஒரு ஸ்வரம் கூட அதிகம் போடாதவர். எலெக்ட்ரிக் பியானோ ட்ரூமன் தாமஸ், காங்கா பாஞ்சோ மொராலெஸ், ஊதுகருவிகளுக்கு மெம்ஃபிஸ் ஹார்ன்ஸ். இவர்களோடு பில்லி பிரஸ்டன்.

ராக் அரங்கத்தில் வாசிக்கிறோம் என்பதற்காக இவர்கள் யாரும் சத்தத்தைக் கூட்டவில்லை, தனியாவர்த்தனத்தை நீட்டவில்லை. எல்லோருடைய கண்ணும் பாடகியின் மேல். அவர் மூச்சு இழுத்தால் குழு காத்திருக்கிறது, ஒரு சொல்லை இழுத்தால் பர்டி அதன் கீழே விரிப்பு விரிக்கிறார். ஆனால் தேவைப்படும்போது தரை அதிர வாசிக்கவும் செய்கிறார்கள். ராக் ரசிகர்கள் இந்தத் தட்டைக் கைவிடாததற்கு இதுவே காரணம் என்பேன். அவர்களுக்கு வேண்டிய வலு இதில் இருக்கிறது. அதற்கும் மேல் அடக்கம் இருக்கிறது.

இன்னொரு தகவல் எனக்கு எப்போதும் வியப்பைத் தரும். அரீதா சான் ஃபிரான்சிஸ்கோவில் முடித்த அடுத்த வாரமே, மார்ச் 12, 13 தேதிகளில், அதே பில் கிரஹாமின் நியூயார்க் அரங்கமான ஃபில்மோர் ஈஸ்டில் ஆல்மன் பிரதர்ஸ் குழுவின் புகழ்பெற்ற மேடைப் பதிவு நடந்தது. ராக் மேடைப் பதிவுகளில் அதற்கு மேல் எதுவும் இல்லை என்று பலர் சொல்வார்கள். ஒரே மாதத்தின் இரண்டு வாரங்களில், ஒரே மனிதரின் இரண்டு மேடைகளில் இரண்டு சிகரங்கள்.

இரண்டாம் பக்கம்

தட்டைத் திருப்பிப் போட்டவுடன் ‘டாக்டர் ஃபீல்குட்’. அரீதா பியானோவில் உட்காருகிறார். இனிமேல் கூட்டத்தின் பாட்டுகள் இல்லை; இது அவருடைய சொந்தப் பாட்டு. மெதுவான புளூஸ். தன் நோவுக்கு எந்த மருத்துவரும் வேண்டாம், தன் ஆள் போதும் என்று ஒரு பெண் வெட்கப்படாமல் சொல்லும் பாட்டு. ஐந்து நிமிடத்துக்குப் பக்கமாகக் காதலின் உடல் சார்ந்த பாட்டாகவே போகிறது. பிறகு அரீதா நிறுத்தாமல் பேசத் தொடங்குகிறார். பேச்சு பிரசங்கமாகிறது. “ஆம்” என்ற ஒரே சொல்லை எடுத்து, இழுத்து, உடைத்து, மேலே வீசுகிறார். சபை என்றால் “ஆமென்” வரும் இடம். இங்கே நீண்ட தலைமுடி வளர்த்த, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போவதை விட்டுவிட்ட பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அந்தப் பதிலைக் கொடுக்கிறார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. ஒவ்வொரு “ஆம்” வரும்போதும் பதில் இன்னும் கெட்டியாகத் திரும்பி வருவதைத் தட்டில் துல்லியமாகக் கேட்கலாம்.

சாம் குக்கின் மயாமி கூட்டம் கொடுத்த பதில் இதுவேதான். கேட்டவர்கள் மாறிவிட்டார்கள், பாடுபவர் மாற வேண்டியிருக்கவில்லை. அரீதா சிறுமியாக இருந்தபோது அவர் வீட்டுக்கு வந்துபோன காஸ்பல் நட்சத்திரங்களில் ஒருவர் சாம் குக். தேவாலயத்திலிருந்து அரங்குக்கும் கிளப்புக்கும் போகலாம் என்ற துணிச்சலை அவரைப் பார்த்தே பெற்றதாக அரீதா சொல்லியிருக்கிறார். கோபகபானாவில் சாம் குக் அடக்கி வைத்த குரலை, ஏழு ஆண்டுகள் கழித்து வெள்ளையர் கூட்டத்தின் நடுவே அரீதா முழுசாகத் திறந்துவிட்டார்.

அடுத்து ‘ஸ்பிரிட் இன் தி டார்க்’. இது ஆண்டவரின் ஆவியைப் பற்றிய பாட்டா, இருட்டில் ஆடும் உடலைப் பற்றியதா? இரண்டும்தான். மெதுவாகத் தொடங்கி, பாதியில் வேகம் இரட்டிக்கிறது. காஸ்பல் சபைகளில் ஆவி இறங்கும் கட்டத்தின் தாளம் அது. மூன்றாம் இரவு, ஞாயிற்றுக்கிழமை, இந்தப் பாட்டு முடிந்தபின்தான் நடக்க வேண்டியது நடந்தது. கூட்டத்தில் ரே சார்ல்ஸ் இருந்தார். அரீதா இறங்கிப் போய் அவரைக் கைப்பிடித்து மேடைக்கு அழைத்துவந்தார்.

ரே சார்ல்ஸ் யார் என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். 1954இல் காஸ்பல் மெட்டில் காதல் சொற்களை வைத்து ‘ஐ காட் எ வுமன்’ பதிவு செய்து, தேவாலயக்காரர்களின் கோபத்தை முதலில் வாங்கிக் கட்டிக்கொண்டவர். அரீதா நடந்த பாதையை வெட்டியவரே அவர்தான். அவருக்கு ‘ஸ்பிரிட் இன் தி டார்க்’ பாட்டின் சொற்கள் தெரியாது. ஒத்திகை இல்லை. அரீதா அடியெடுத்துக் கொடுக்கிறார், அவர் வாங்கித் தன் வழியில் திருப்புகிறார். தடுமாறும் இடத்தில் சிரிப்பும் அலறலுமாகச் சமாளிக்கிறார். பிறகு எலெக்ட்ரிக் பியானோவில் உட்கார்ந்து வாசிக்கிறார். ஏறத்தாழ ஒன்பது நிமிடங்கள். ஒழுங்காகத் திட்டமிட்டிருந்தால் இந்த அளவுக்கு வந்திருக்காது. இரண்டு பெரிய கலைஞர்கள் ஒருவரை ஒருவர் கண்டு மகிழ்ந்து, அந்த மகிழ்ச்சியை மறைக்காமல் இசைக்கும் பதிவுகள் மிக அரிது. சேர்ந்து பாடிய எத்தனையோ நட்சத்திர ஜோடிகளின் பதிவுகளை இந்த ஒன்பது நிமிடங்களுக்கு ஈடாக நான் வைக்க மாட்டேன்.

கடைசியில் டயானா ராஸ் முந்தைய ஆண்டு பாடிய ‘ரீச் அவுட் அண்ட் டச்’. பக்கத்தில் இருப்பவர் கையைத் தொடுங்கள் என்னும் பாட்டு. இன்றைக்குச் சற்று இனிப்புக் கூடியதாகத் தெரியலாம். ஆனால் 1971இன் நிலையை மறக்கக் கூடாது. போர் ஓயவில்லை. கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பேந்தர் கட்சி பிறந்த ஓக்லண்ட் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம். கறுப்பினப் போராளி ஏஞ்சலா டேவிஸ் விசாரணையை எதிர்நோக்கிச் சிறையில் இருந்தார். அவருக்கு ஜாமீன் கட்டத் தயார் என்று சில மாதங்களுக்கு முன்னர்தான் அரீதா வெளிப்படையாக அறிவித்திருந்தார். அந்தப் பெண், அந்த ஊரில், அந்தக் கூட்டத்திடம் கையைத் தொடுங்கள் என்று சொன்னபோது அது வெற்றுச் சொல்லாக இருக்கவில்லை.

பிறகு

தட்டு அந்த ஆண்டு மே மாதம் வந்தது. சோல் பட்டியலில் முதலிடம், பொதுப் பட்டியலில் ஏழாம் இடம். ஜூலை 4ஆம் தேதியோடு ஃபில்மோர் வெஸ்ட் மூடப்பட்டது. ஆகஸ்ட் 13ஆம் தேதி இரவு, நியூயார்க்கில் தன் கட்டட வாசலில் நடந்த தகராறில் கிங் கர்டிஸ் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். வயது 37. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் ஜான் லெனனின் ‘இமேஜின்’ தொகுப்புக்கு சாக்ஸஃபோன் வாசித்துக் கொடுத்திருந்தார். இறுதிச் சடங்கில் அரீதா பாடினார்.

1972 ஜனவரியில் அரீதா லாஸ் ஏஞ்சலஸில் ஒரு தேவாலயத்துக்குத் திரும்பி ‘அமேஸிங் கிரேஸ்’ பதிவு செய்தார். டிரம்ஸில் பர்டி, கிதாரில் டுப்ரீ, காங்காவில் மொராலெஸ் என்று ஃபில்மோர் ஆட்களே பின்னால் இருந்தார்கள். பார்வையாளர் வரிசையில் ராக் பாடகர் மிக் ஜாகர் உட்கார்ந்திருந்தார். பத்து மாதங்களுக்கு முன் அரீதா ராக் கூடத்துக்குத் தேவாலயத்தைக் கொண்டுபோனார். இப்போது ராக் உலகம் தேவாலயத்துக்கு வந்தது. ‘அமேஸிங் கிரேஸ்’ இன்னும் ஆழமான படைப்பு என்பவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் அங்கே சபை அவருடையது. எந்த உறுதியும் இல்லாமல், தெரியாத கூட்டத்தின் முன் போய் நின்று, பாட்டை மாற்றிக்கொள்ளாமல் கூட்டத்தை மாற்றிய பதிவு என்பதால் ஃபில்மோர் தட்டைத்தான் நான் ஒரு படி மேலே வைப்பேன்.

கேட்க நினைப்பவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. அரீதாவின் தட்டோடு, அதே இரவுகளில் பதிவான கிங் கர்டிஸின் ‘லைவ் அட் ஃபில்மோர் வெஸ்ட்’ தட்டையும் சேர்த்துக் கேளுங்கள். அதில் ‘மெம்ஃபிஸ் சோல் ஸ்டூ’ என்ற பாட்டில் கர்டிஸ் ஒவ்வொரு கருவியையும் சமையல் சாமானைப் போல அளவு சொல்லிச் சட்டியில் போடுவார். குழுவை அறிய அதைவிட நல்ல வழி இல்லை. மூன்று இரவுகளிலும் பதிவானவற்றை இன்னும் விரிவாகக் கேட்க ஆசைப்பட்டால், 2005இல் ரைனோ நிறுவனம் நான்கு குறுந்தகடுகளாக வெளியிட்ட தொகுப்பு இருக்கிறது. ஆனால் தொடக்கம் அசல் தட்டிலேயே இருக்கட்டும். ரே சார்ல்ஸ் வரும் இடத்தை மட்டும் தேடிப் போய் முதலில் கேட்டுவிடாதீர்கள். ‘டாக்டர் ஃபீல்குட்’ பாட்டில் தொடங்கி, இரண்டாம் பக்கம் முழுவதையும் வரிசையாக, நிறுத்தாமல், கொஞ்சம் சத்தமாக வைத்துக் கேளுங்கள்.